கரையோடு நின்ற சட்டம்

ஒரு சட்டத்தையும் நாவலைப்போல விமர்சிக்கலாம் என்பது என் கட்சி. எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதுதானே விமர்சனம்? தமிழ்நாடு சட்டசபை 2020 பிப்ரவரியில் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை அப்படித்தான் படித்தேன்.

தொடக்கம் கம்பீரமானது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் ஜில்லாக்களிலும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களிலும் எண்ணெய்க்கோ இயற்கை வாயுவுக்கோ புதிதாகக் கிணறு தோண்டக் கூடாது. 2017-ல் நெடுவாசல் ஜனங்கள் போராடியது இதற்காகத்தான். ஆனால், ஏற்கெனவே நடந்து வரும் வேலைகளைச் சட்டம் தொடாதாம். பழைய கிணற்றுக்கு அடுத்த வயல்காரருக்கு இதில் என்ன ஆறுதல்?

அதைவிடப் பெரிய குறை, சட்டம் கரையோடு நின்றுவிடுவது. கடலடிச் செல்வத்தை அரசியல் சாசனத்தின் 297-வது ஷரத்து மத்திய சர்க்காரிடம் கொடுத்திருக்கிறது. சென்னையின் பேனா அங்கே எட்டாது. உழவருக்குக் கிடைத்த காவல் அதே ஊர் மீனவருக்குக் கிடைக்கவில்லை.

எலவனாசூர்கோட்டையில் இருப்பவனுக்குக் கடலைப்பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் சோறும் மீனும் சேர்ந்தேதான் இருக்கின்றன, சட்டத்தில்தான் பிரிந்துவிட்டன. பெலீஸ் என்ற குட்டித் தேசம் தன் பவளப் பாறைகளுக்காக, கடல் முழுவதிலும் எண்ணெய் வேலையை 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நிறுத்தி வைத்தது. இங்கே அந்த இரண்டாம் பாகத்தை எழுத வேண்டியது டில்லிப் பார்லிமெண்டு.