மையர் என்னும் குடும்பப்பெயர்: ஒரு வரி விளக்கம் போதுமா?

ஜெர்மனியில் அதிகம் வழங்கும் குடும்பப்பெயர்களில் முன்வரிசையில் நிற்பவை தொழிற்பெயர்களே. முல்லர் என்றால் மாவாலைக்காரர், ஷ்மிட், கொல்லர், ஷ்னைடர், தையற்காரர். இந்த வரிசையிலே மையர் என்பதையும் நிறுத்தி, 'பண்ணை மேலாளர்' என்று ஒரே வரியில் பொருள் எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வரி தவறில்லை. ஆனால் அது போதாது என்பதே அடியேன் கருத்து.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர். பிராங்கு அரசர்களின் அரண்மனை நிர்வாகிக்கு 'வீட்டுப் பெரியவர்' என்ற பொருளில் இதே சொல்லால் பதவிப்பெயர் இருந்தது. அந்தப் பதவியிலிருந்த பிப்பின் 751-ல் தானே அரசராகிவிட்டார்! ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த மாநகராட்சி மேயரும், ராணுவ மேஜரும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். சென்னை 1688-லேயே மேயரைப் பார்த்த ஊர்.

ஆங்கிலப் பழக்கத்தில் 'மேயர்' என்று படித்துவிட்டு, ஆடுமாடு மேய்ப்பவர் என்று நம்மில் யாராவது பொருள் சொல்லக் கிளம்பினால் ஆச்சரியமில்லை. காதுக்கு ஒத்துப்போனால் போதுமா? பழைய வடிவத்தைத் தேடாத சொல்லாராய்ச்சி, எடை போடாமல் விலை சொல்வது போலத்தான்.

பதவியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆரம்பத்தில் மையர் என்பவர் பிரபுவின் பண்ணையைக் கவனித்து, குடியானவர்களிடம் வாரம் வசூலித்தவர்; நம் ஊர் மணியகாரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து உழும் பெரிய விவசாயிக்கும் அதே பெயராயிற்று. வெஸ்ட்பாலியா பக்கம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பண்ணை வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கும் மாப்பிள்ளை, அந்தப் பண்ணையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வார். அப்படியானால் பெயர் ரத்தத்தோடு போகவில்லை, நிலத்தோடு போயிருக்கிறது.

இனி அந்த ஒரு வரி முழுக்க விட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். எபிரேய மொழியில் 'மேயிர்' என்றால் ஒளி தருபவர். 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் ஒருவரின் பெயரும் அதுதான். ஜெர்மானிய யூதர்களிடையே இது மையர் என்று ஒலித்தது. ஆனால் குடும்பப்பெயராக அல்ல, ஆளின் சொந்தப் பெயராக. 1808-ல் நெப்போலியனும் 1812-ல் பிரஷ்ய அரசும் யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் வைத்தே தீரவேண்டும் என்று ஆணையிட்டபோது, தகப்பன் பாட்டன் பெயரையே பலர் குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மையர்பெயர் (1791–1864) பிறந்தபோது வெறும் பெயர்தான். முன்னால் இருக்கும் 'மையர்' தாய்வழிப் பாட்டனார் பெயரிலிருந்து சேர்ந்தது. இஸ்ரேல் பிரதமராயிருந்த கோல்டா மேயிர், கணவர் வழியில் வந்த மையர்சன் என்ற பெயரை 1956-ல் எபிரேயமாக்கித்தான் மேயிர் ஆனார். இவர்கள் பெயரில் பண்ணையும் இல்லை, மேலாளரும் இல்லை.

ஆக, ஒரே முத்திரை குத்திய மூட்டைக்குள் இரண்டு சரக்கு. ரோமன் எழுத்தில் இந்தப் பெயரைப் பல விதமாக எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றே. சரி, எழுத்தை வைத்தாவது பிரித்துவிடலாமா? அதுவும் நடக்காது. 1876-ல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவேடு வரும்வரை, எழுதுகிறவர் கை போன போக்குதான் எழுத்து.

இதெல்லாம் வேலையற்ற ஆராய்ச்சி என்று நினைக்கவேண்டாம். 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. அரசு குறித்துக் கொடுத்த யூதப் பெயர்களில் ஒன்றை ஏற்கெனவே உடையவர்கள் நீங்கலாக, 1939 ஜனவரி முதல் யூத ஆண்கள் எல்லோரும் இஸ்ரேல் என்றும், பெண்கள் சாரா என்றும் கூடுதலாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஏன் சேர்க்கச் சொன்னார்கள்? மையர் என்ற பெயரை மட்டும் பார்த்து, பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ மையர் யார், யூத மையர் யார் என்று எந்த குமாஸ்தாவாலும் சொல்ல முடியாது. பெயர் காட்டிக்கொடுக்க மறுத்ததை, சட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்க வைத்தார்கள். அதன் முடிவு உலகம் அறிந்தது.

ஒரு பெயரின் பொருள் வேறு, அந்தப் பெயரைச் சுமக்கும் மனிதனின் வரலாறு வேறு. பெயரைக் கேட்டதுமே குலமும் தொழிலும் சொல்லிவிடும் கெட்டிக்காரத்தனம் நம்மிடமும் குறைவில்லை. அகராதியின் ஒரு வரியைப் படித்தவர்கள், அடுத்த கேள்வியாக 'எந்த ஊர், எந்தக் காலம், யார் எழுதி வைத்தது?' என்றும் கேட்டுப் பழகவேண்டும்.