கருவறைக்குள் நுழைந்த செவ்வாடை
மேல்மருவத்தூர்: சில விவாதக் குறிப்புகள்

1

மதம் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் சிறுபத்திரிகை, இயக்க வட்டாரங்களில் இரண்டு பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கின்றன. ஒன்று, 'இதெல்லாம் மூடநம்பிக்கை.' மற்றது, 'இதெல்லாம் இந்துத்துவத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை.' இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டிய சிரமத்திலிருந்து இரண்டுமே நம்மைக் காப்பாற்றிவிடுகின்றன. மார்க்ஸிடமிருந்து 'அபினி' என்கிற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டோம். 1844இல் வெளியான அதே கட்டுரையில், மதத்தைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் துயரத்துக்கு எதிரான குரலாகவும் அவர் சேர்த்தே பார்த்திருப்பதை வசதியாக விட்டுவிட்டோம்.

நவீன ஆன்மிக இயக்கங்கள் என்றதும் நம் கண் போவது வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குத்தான். 112 அடி ஆதியோகி சிலை, 2017இல் அதைத் திறந்துவைக்க வந்த பிரதமர், விடிய விடிய நடக்கிற சிவராத்திரி, ஆங்கிலம் பேசும் குரு. விமர்சிக்க எளிதான இலக்கு இது. மனதைத் திறம்பட நிர்வகிப்பதற்கான வகுப்பைக் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொள்கிற நடுத்தர வர்க்கம் நமக்குத் தெரிந்த வர்க்கம். பல சமயம் நம்முடைய வர்க்கமும்கூட. நான் பேச விரும்புவது இதைவிடப் பழையதும், கூட்டத்தில் பெரியதும், நம் எழுத்துகளில் அபூர்வமாக மட்டுமே தென்படுவதுமான ஓர் இயக்கத்தைப் பற்றி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிற யாரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. சிவப்புச் சேலை, தலையில் இருமுடி, 'ஓம் சக்தி' என்று எழுதிய வேன்கள். பெரும்பாலும் பெண்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர்கள், சின்ன உத்தியோகஸ்தர்களின் மனைவிகள்.

2

மேல்மருவத்தூர் கதையின் தொடக்கம் ஒரு கிராமத்துச் சாமியாடியின் கதைதான். 1960களில் ஒரு வேப்பமரம், அதில் வடிந்த பால், புயலில் மரம் சாய்ந்ததும் வெளிப்பட்ட சுயம்பு என்று இயக்கத்தின் தலவரலாறு சொல்கிறது. 1941இல் பிறந்த பங்காரு, பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் மேல் அம்மன் இறங்கி அருள்வாக்குச் சொன்னது. இதுவரைக்கும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய கதை. ஆண் உடம்பில் பெண் தெய்வம் இறங்குவதும் நமக்குப் புதிதில்லை. மாரியம்மனும் காளியும் எத்தனையோ மீசைக்காரர்கள் மேல் வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஊர்ச் சாமியாடிக்கு ஓர் எல்லை உண்டு. கொடை முடிந்ததும் சாமி மலையேறிவிடும். மறுநாள் காலையில் அவர் மம்பட்டியோடு வயலுக்குப் போயாக வேண்டும். முந்தின ராத்திரி அவர் காலில் விழுந்த பண்ணையார், அன்றைக்கு அவரை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். அந்த அதிகாரம் ஒரு ராத்திரிக்கானது. மேல்மருவத்தூரில் நடந்த மாற்றம் இங்கேதான். சாமி மலையேறவில்லை. அருள் வந்த ஆள் நிரந்தரமாக 'அம்மா' ஆனார். அவர் பாதத்துக்குப் பூசை நடந்தது. அருள்வாக்கு, ஒரு நாள் நிகழ்விலிருந்து நிறுவனமாக மாறியது. மாக்ஸ் வேபர், ஒரு தனிமனிதரின் வசீகர அதிகாரம் காலப்போக்கில் வாடிக்கையாகி, அலுவலகமாகவும் பரம்பரையாகவும் உறைந்துபோவதைப் பற்றி எழுதினார். அதை விளங்கிக்கொள்ள நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டம் வரைக்கும் போனால் போதும். கோயில், அறக்கட்டளை, பள்ளிகள், பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை. இவற்றின் பொறுப்புகளில் குடும்பத்தார். ஊர்ச் சாமியாடியின் பிள்ளைக்குச் சாமி வராமலும் போகலாம். இங்கே அப்படி ஒரு நிச்சயமின்மைக்கு இடமே வைக்கப்படவில்லை.

3

இவ்வளவையும் சொல்லி, 'பார்த்தாயா, இன்னொரு சாமியார் சாம்ராஜ்யம்' என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்கவிடாமல் ஒரு விஷயம் குறுக்கே நிற்கிறது: இந்தக் கோயிலின் கருவறைக்குள் பெண்கள் போகிறார்கள். எந்தச் சாதிப் பெண்ணும் போகலாம், பூசை செய்யலாம். மாதவிடாய் நாட்களும் தடையில்லை.

இந்த வாக்கியத்தின் கனத்தை உணர வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு வரலாற்றை வைத்துப் பார்க்க வேண்டும். கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் 1970 ஜனவரி 26 அன்று நடத்துவதாக அறிவித்தார். சட்டம் கொண்டுவருவதாக அன்றைய முதல்வர் கருணாநிதி உறுதி சொன்னதால் போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. சட்டமும் வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது சரி என்ற உச்சநீதிமன்றம், 1972இல் அதே தீர்ப்பில் ஆகமத்தைக் காவலுக்கு நிறுத்திவைத்தது. 1973 டிசம்பரில் பெரியார் இறந்தார். 2006இல் மறுபடி ஆணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு, 2015இல் மறுபடி தீர்ப்பு. பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு வேலை கிடைக்க 2021 ஆகஸ்ட் வரை ஆயிற்று. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம், புதிய நியமன விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தா என்றது. அரை நூற்றாண்டுக் கணக்கு இது. இதே அரை நூற்றாண்டில், நெடுஞ்சாலையோரம் ஒரு பள்ளி ஆசிரியர் எழுப்பிய கோயிலில், சேரிப் பெண் உள்ளிட்ட எல்லாப் பெண்களுக்கும் கருவறை திறந்திருந்தது.

சபரிமலையையும் சேர்த்துக்கொள்வோம். அங்கே ஆணுக்குக் கருப்பு வேட்டி, இருமுடி, மாலை, விரதம். பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்களுக்குத் தடை. 1991இல் கேரள உயர்நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை நீக்கியது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி என்பது தனியாக யோசிக்க வேண்டிய செய்தி. 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் உள்ளே போய் வந்ததும் நடையைச் சாத்திப் பரிகாரம் செய்தார்கள். மேல்மருவத்தூர், அதே இருமுடியை, அதே மாலையை, அதே விரதத்தை எடுத்துப் பெண் தலையில் வைத்தது. கார்த்திகையில் புருஷன் மலைக்குப் போக, மார்கழியில் பெண்டாட்டி மருவத்தூருக்குப் போகிறாள். எனக்குத் தெரிந்த, மாலை போடுகிற ஒரு அக்கா சொன்னது: "அவரு மாலை போட்டா வீடே அவருக்காக நடக்கும். நான் போட்டாலும் நடக்கணும்ல?" இதைப் பெண்ணியம் என்று சொல்ல நான் அவசரப்படமாட்டேன். ஆனால் இது வெறும் பக்தி என்று சொல்கிறவர், வீட்டு வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்.

4

நாம் கவனிக்கத் தவறும் இன்னோர் இடம் வார வழிபாட்டு மன்றம். ஊர் ஊராகப் பரவியிருக்கிற இந்த மன்றங்களில் பெண்கள் தமிழில் போற்றி சொல்கிறார்கள். அவர்களே வேள்விக் குண்டத்தின் முன் உட்காருகிறார்கள். ஆடிப்பூரத்துக்குக் கஞ்சிக் கலயம் சுமக்கிறார்கள். ஒருவரையொருவர் 'சக்தி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சாதி அந்த நேரத்துக்கு ஒளிந்துகொள்கிறது. வேன் பேசுவது, சந்தா வசூலிப்பது, கணக்கு எழுதுவது, ராத்திரி வெளியூரில் தங்குவது எல்லாம் இந்தப் பயணத்தின் பகுதி. நம் கட்சிகளின், சங்கங்களின் மகளிர் அணிகள் இவர்களில் எத்தனை பேருக்கு இந்த அளவு பொதுவெளியைக் கொடுத்திருக்கின்றன?

அருள்வாக்கையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குடிகாரக் கணவன், கருத்தரிக்காத வயிறு, வாங்கிய கடன் என்று எதையும் சொல்லலாம். கேட்க ஒருவர் இருந்தார். கார்ப்பரேட் ஆன்மிகம் 'பிரச்சினை உன் மனசில் இருக்கிறது, அதைச் சரிசெய்' என்கிறது. இங்கே பிரச்சினை வெளியே, வீட்டிலும் தெருவிலும் இருப்பது மறுக்கப்படுவதில்லை. தீர்வுதான் மாயம்.

5

அப்படியானால் மேல்மருவத்தூரைக் கொண்டாடிவிடலாமா? விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு கேள்வி: இங்கே கருவறை இவ்வளவு சுலபமாகத் திறந்தது எப்படி? யாருடைய பரம்பரை உரிமையும் பறிபோகவில்லை என்பதுதான் பதில். இது ஆகமக் கோயில் அல்ல. இங்கே பட்டர் இல்லை, சிவாச்சாரியார் இல்லை, மிராசு இல்லை. புதிதாக ஒரு வாசலைக் கட்டித் திறந்துவைத்தால் பழைய வாசலின் பூட்டு அப்படியேதான் இருக்கும். ஸ்ரீரங்கத்துக்கோ சிதம்பரத்துக்கோ இதனால் ஒரு கீறலும் விழவில்லை.

புதுக் கோயில் கட்டுவதே சமரசம் என்று நான் சொல்ல வரவில்லை. 1888இல் அருவிப்புரத்தில் நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தபோது அவரும் பழைய கோயிலுக்கு வெளியேதான் நின்றார். ஆனால் அங்கிருந்து ஒரு பாதை புறப்பட்டது. 1903இல் அமைப்பு வந்தது. 1924இல் வைக்கம் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. பெரியார் அங்கே சிறைப்பட்டார். 1931இல் குருவாயூர், 1936இல் திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம். தங்களுக்கென்று ஒரு கோயிலை உண்டாக்கிக்கொண்ட மக்கள் அந்தத் தன்மானத்தோடு பழைய கோயிலின் தெருவுக்கும் வாசலுக்கும் வந்து நின்றார்கள். மேல்மருவத்தூரிலிருந்து அப்படி ஒரு பாதை புறப்படவில்லை. இத்தனை லட்சம் பெண்கள் கருவறைக்குள் போய் வந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் சொந்தத் தெருவின் மாரியம்மன் கோயிலில் 'அந்த மூணு நாள்' வெளியே நிற்கிறார்கள்.

ஏன்? இங்கே கிடைத்தது அனுமதி, உரிமை அல்ல என்பதுதான் என் வாதம். 'அம்மா சொல்லிட்டாங்க, அதனால போகலாம்' என்பதற்கும் 'என் உடம்பில் தீட்டு என்று ஒன்று இல்லை, அதனால் போவேன்' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அனுமதி, அதைக் கொடுத்தவரின் எல்லைக்குள் மட்டும் செல்லும். மதில் சுவருக்கு வெளியே அதை வைத்து வழக்காட முடியாது. கருவறைக்குள் கல்லைத் தொட்டு நிமிர்ந்த பெண், வெளியே வந்து ஓர் ஆணின் பாதத்தில் குனிந்தாள். விடுதலையும் பணிவும் ஒரே சீட்டில் எழுதித் தரப்பட்டன. சாதியும் அப்படித்தான். சிவப்புச் சேலைக்குள் எல்லோரும் 'சக்தி'. ஆனால் ஊரில் மன்றம் எந்தத் தெருவில் கூடுகிறது, அங்கே யார் வீட்டுப் பிரசாதத்தை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் அந்தச் சேலையின் சாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

6

இந்த அமைப்பு முறையை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம். மன்றம், கொடி நிறம், முழக்கம், காலில் விழுதல், கல்லூரி, வாரிசு. 'ஒரே தாய், ஒரே குலம்' என்கிற மருவத்தூர் முழக்கம், திருமூலரிடமிருந்து எடுத்து அண்ணா தன் கட்சிக்குக் கொடுத்த முழக்கத்தின் தங்கை. ரசிகர் மன்றம் கட்சியான அதே காலத்தில்தான் பக்தர் கூட்டமும் மன்றமானது. திராவிட இயக்கம் சாதாரண ஜனங்களுக்குச் சுயமரியாதையைப் பேசிக் கொடுத்தது. அதிகாரத்துக்கு வந்தபின் அதைச் சலுகையாக மாற்றி விநியோகித்தது. மருவத்தூர் இதே மாற்றத்தைப் பக்திமொழியில் செய்துகாட்டியது. ஆகவே 2023 அக்டோபர் 19 அன்று பங்காரு அடிகளார் இறந்தபோது திராவிட மாடல் பேசும் அரசு அரசு மரியாதையோடு அவரை அடக்கம் செய்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 2019இல் பா.ஜ.க. ஆட்சி பத்மஸ்ரீ கொடுத்ததிலும் இல்லை. ஒருவர் கருவறைச் சீர்திருத்தத்தைச் சொந்தம் கொண்டாடினார், இன்னொருவர் இந்து ஒற்றுமையை. ஆகமக் கோயிலின் பூட்டைத் தொடாத சீர்திருத்தத்தை யாரும் சொந்தம் கொண்டாடலாம் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

7

இந்த அபாயத்தை எதிர்கொள்ளக் கேலி உதவாது. மேல்மருவத்தூர் நம் கையில் ஒரு சாட்சியத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அதை நாம் இன்னும் பயன்படுத்தவில்லை. பெண் தொட்டால் தெய்வத்தின் சாந்நித்தியம் கெடும் என்பதுதானே எதிர்த்தரப்பின் வாதம்? இங்கே பல பத்தாண்டுகளாகப் பெண்கள் தொட்டிருக்கிறார்கள், தீட்டு நாட்களிலும் தொட்டிருக்கிறார்கள். அந்த அம்மனின் சக்தி குறைந்துவிட்டதாக அவளுடைய பக்தர்கள் யாரும் சொல்லவில்லை, கூட்டம் பெருகியது. நம்பிக்கையின் மொழியிலேயே நிற்கும் எதிர்வாதம் இது. 2018-19இல் சபரிமலை பற்றி நம் பக்கத்திலிருந்து வந்த எழுத்துகளில் நான் பார்த்த அளவில் இந்தச் செவ்வாடைப் பெண்களைச் சாட்சிக்கு அழைத்த ஒன்றைக்கூடக் காணவில்லை. 2023இல் அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்து வெளியே வந்தபோதும், அவர்களுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையே ஒரு பேச்சைத் தொடங்கிவைக்கும் யோசனை நமக்கு எழவில்லை.

ஆகமத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் நிற்கும் அந்தப் பெண் அர்ச்சகருக்குப் பின்னால் நாளைக்கு யார் வந்து நிற்கப்போகிறார்கள்? நம் பத்திரிகைகளின் சந்தாதாரர்கள் சில நூறு பேர். கணக்கு எழுதவும் வேன் பேசவும் கருவறைக்குள் கை நடுங்காமல் அபிஷேகம் செய்யவும் பழகிய பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அம்மா கொடுத்த அனுமதியைத் தங்கள் உரிமையாக அவர்கள் வாசிக்கத் தொடங்கினால் அந்த நிறுவனமே அவர்களுக்குப் போதாமல் போகும். அந்த வாசிப்பை அவர்களோடு உட்கார்ந்து செய்வதற்கு, முதலில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தியாக வேண்டும்.