ஒஃபாவின் தீனாரும் நாம் பார்க்காத வெள்ளிக் காசுகளும்

நம்மவர் சஞ்சிகைகளில் சில வருடங்களுக்கொரு தடவை தலைகாட்டும் கட்டுரை ஒன்று உண்டு. தலைப்பு மாறும், சரக்கு மாறாது. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஒஃபா மன்னன் (757–796) கலிமா பொறித்த தங்கக் காசு அடித்தான். ஆகவே அவன் இரகசிய முஸ்லிம். போன நோன்பில் தராவீஹ் முடிந்து வரும்போது ஒரு தம்பி அந்தப் படத்தைப் போனில் காட்டி, "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் நானா?" என்று கேட்டார்.

காசு உண்மையானதுதான். பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அப்பாஸிய கலீபா அல்-மன்ஸூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்துச் செய்த நகல் அது. ஆனால் அரபு எழுத்தில் பிழைகள் உண்டு. "முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்" என்ற வரிகளுக்கிடையில் "ஒஃபா மன்னன்" என்ற லத்தீன் சொற்கள் தலைகீழாகச் செருகப்பட்டுள்ளன. வாசிக்கத் தெரிந்தவன் செய்யும் வேலையா இது? சந்தையில் மதிப்பிருந்த தங்கத்தின் உருவத்தை வெட்டினான், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைகளின் பெரிய குறை வேறு. ஒரு தங்கக் காசைப் பார்த்தவர்கள் அதே மன்னனின் வெள்ளிக் காசுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவனுடைய நாட்டில் கையில் புழங்கியது வெள்ளிப் பென்னிதான். அதில் அவன் பெயரும் முகமும் உண்டு, சிலுவையும் உண்டு. ராணி கினெத்ரித்தின் பெயரிலும் பென்னி வந்தது. ஆங்கிலோ-சாக்ஸன் ராணிகளில் அந்தச் சிறப்பு அவளுக்கு மட்டும்தான். பாப்பரசருக்கு ஆண்டுக்கு 365 தங்கக் காசு தருவதாக ஒஃபா வாக்களித்த செய்தியும் இருக்கிறது. அதைச் சொன்னால் கட்டுரை நின்றுவிடும், அதனால் சொல்வதில்லை போலும்.

காசை அது கிடந்த மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒஃபாவுக்கு முந்திய காலத்து ரெண்டில்ஷாமை எடுத்துக்கொள்வோம். சஃபோக் பகுதியிலுள்ள அந்த இடத்தை அரசனின் ஊர் என்று துறவி பீட் 731இல் முடித்த நூலில் குறிப்பிட்டிருந்தார். எங்கே என்று நெடுங்காலம் தெரியவில்லை. 2008இல், இரவில் வயலுக்குள் புகுந்து உலோகம் தேடிய திருடர்களால் தொல்லைப்பட்ட நிலச் சொந்தக்காரர் முறையிட, ஒழுங்கான ஆய்வு தொடங்கியது. முதலில் ஃபிராங்கியரின் சின்னத் தங்கக் காசுகள், பிறகு ஒரு கிராம் அளவேயான வெள்ளிச் சியாட்டுகள். இந்த வகைக் காசுகளில் பெரும்பாலும் மன்னன் பெயரே கிடையாது. பறவை, மிருகம், ஏதோ கோடுகள். ஆனாலும் தங்கத்திலிருந்து வெள்ளிக்கு ஊர் மாறியதையும், எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அங்கே அரச வாழ்வு மங்கியதையும் அந்தப் பெயரில்லாக் காசுகள்தான் காட்டிக்கொடுத்தன. 2022இல் 23 மீற்றர் நீளமான மர மண்டபத்தின் தடமும் வெளிப்பட்டது.

இஸ்லாமிய உலகோடு தொடர்பே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது, வெள்ளியில்தான் இருக்கிறது. 872–873 குளிர்காலத்தில் வைகிங் படை டோர்க்ஸி என்ற இடத்தில் தங்கியது. அந்த மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட திர்ஹம் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. துண்டுகள்! கலிமாவுக்கு நடுவாலே வெட்டி, தராசில் நிறுத்துக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். எழுத்தை யாரும் பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே படை மெர்சிய மன்னர்களை அடக்கம் செய்த ரெப்டனைப் பிடித்து, அரசன் பர்க்ரெட்டை நாட்டைவிட்டே துரத்தியது. ஒஃபாவின் நாடு அப்படித்தான் ஆட்டங்கண்டது.

நமது பெருமைக்கு இதில் இடமில்லையா? ஈராக்கிலும் ஈரானிலும் அடித்த வெள்ளி, கைமாறிக் கைமாறி வட கடலையும் தாண்டிப் போயிருக்கிறதே. ஒரு மன்னனை இறந்து 1,200 வருடங்களுக்குப் பிறகு மதம் மாற்றுவதைவிட இதை எழுதலாமே.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அப்ப அந்தத் துண்டெல்லாம் எந்த ஊர்ல அடிச்சதுன்டு எப்படி நானா தெரியும்?" என்றார். திர்ஹத்தில் அடித்த ஊரையும் ஹிஜ்ரி ஆண்டையும் வட்டமாக எழுதுவது வழக்கம், துண்டில் அந்த இடம் தப்பியிருந்தால் வாசித்துவிடலாம் என்றேன். "மதீனத்துஸ் ஸலாம்" என்று இருந்தால் அது பக்தாத்.