‘ஹைட்’ என்னும் சொல்லும் ‘இஹாப்’ என்னும் சொல்லும்

தோல் மண்டிக் குடும்பத்தில் பிறந்த முதலாண்டு மாணவர் ஒருவர் வகுப்பில் ஓர் ஐயம் எழுப்பினார். தாமாகச் செத்த பிராணியின் தோல் பற்றிய இரு நபிமொழிகளை ஆங்கில வழித் தமிழாக்கத்தில் அவர் படித்திருந்தார். ஒன்று அதைப் பதனிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கிறது; மற்றொன்று பயன்படுத்த வேண்டாம் என்கிறது. “அப்படியானால் எங்கள் பாட்டனார் சம்பாத்தியம் என்ன ஆகும், ஹஜ்ரத்?” என்றார். இந்திய மாட்டுத் தோலில் பெரும்பகுதி நெடுங்காலமாகச் செத்த மாடுகளிலிருந்தே வந்தது என்பதை எண்ணினால், இக்கேள்வியின் கனம் ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு விளங்கும்.

மூலத்தைத் திறந்து பார்த்தோம். இரு நபிமொழிகளிலும் உள்ள அரபிச் சொல் ‘இஹாப்’. ஆங்கிலத்தார் அதற்கு ‘ஹைட்’, ‘ஸ்கின்’, ‘லெதர்’ ஆகிய மூன்றில் ஒன்றை இடுவர். மூன்றும் பொருந்தவில்லை.

‘ஹைட்’ வினையாயின் ஒளித்தலைக் குறிக்கும். பழைய இங்கிலாந்தில் அது ஒரு நில அளவு. தோல் வணிகத்திலோ மாடு, எருமை போன்ற பெரிய விலங்கின் தோல். ஆட்டுத் தோலை வணிகர் ‘ஸ்கின்’ என்பர். ஆனால் ‘ஸ்கின்’ மனிதத் தோலையும் பழத்தோலையும்கூடக் குறிக்கும். ‘லெதர்’ பதனிட்டு முடிந்த பொருள்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு அளிக்கப்பட்ட ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் இஹாபைப் பயன்படுத்தலாகாதா என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். உண்பதே தடுக்கப்பட்டது என விளக்கினார்கள். இங்கே ‘ஹைட்’ என்றால் ஆடு மாடாகிவிடும். ‘ஸ்கின்’ என்றால் பதனிடாத நிலை புலப்படாது. ‘லெதர்’ என்றால், பதனிட்டதை மீண்டும் பதனிடுவது எங்ஙனம்?

மற்றது அப்துல்லாஹ் பின் உகைம் அறிவிப்பது. செத்ததன் இஹாபையும் நரம்பையும் பயன்படுத்த வேண்டாம் என நபியவர்களின் கடிதம் வந்ததாக அது கூறுகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மொழியறிஞர் நள்ர் பின் ஷுமைல், பதனிடப்படாத வரையே அது இஹாப். பதனிட்டபின் துருத்தி, தோற்பை எனப் பெயர் மாறும் என்றார். அபூதாவூத் இதைப் பதிவு செய்துள்ளார். அவ்வாறாயின் தடை பதனிடாத தோலுக்கு, அனுமதி பதனிட்டதற்கு. முரண் நீங்குகிறது.

சொல்லாய்வு ஒன்றே சட்டத்தை முடித்துவிடாது என்பதும் உண்மை. இமாம் அஹ்மத் (ரஹ்) முதலில் இக்கடிதத்தை ஏற்று, பின்னர் அறிவிப்புத் தொடரின் குழப்பத்தால் விட்டதாகத் திர்மிதி கூறுகிறார். உண்ணத்தக்க பிராணியின் தோலே இஹாப் என்று நள்ர் கூறியதாகவும் அவர் பதிகிறார். ஹனஃபிகள் பன்றியை விலக்குவர். ஷாஃபிஈகள் நாயையும் சேர்த்து விலக்குவர். இவ்விவாதங்கள் யாவும் ஒரு சொல்லின் எல்லையைச் சுற்றியே நடக்கின்றன. அச்சொல்லை மங்கவிட்ட தமிழாக்கம், விவாதம் எதைப் பற்றியது என்பதையே வாசகருக்கு மறைத்துவிடுகிறது.

நம் ‘தோல்’ அரபியின் ‘ஜில்து’க்கு நிகர். குர்ஆன் 16:80இல் கால்நடைத் தோல் கூடாரங்களுக்கும், 4:56இல் மனிதத் தோலுக்கும் அதன் பன்மையே வருகிறது. இஹாபுக்கு நிகர் எது? நம் மண்டிகளில் நாள்தோறும் வழங்கும் ‘பச்சைத் தோல்’. அது ஆடா மாடா என்று பாராது. பதனிடாத நிலையை மட்டுமே சுட்டும். ‘அதீம்’ என்பதற்குப் ‘பதனிட்ட தோல்’ இருக்கிறது. நீரும் ‘கரழும்’ தூய்மையாக்கும் என மற்றொரு நபிமொழி கூறும் கரழ், கருவேல இனத்து மரத்தினின்று பெறுவது. குரோம் முறை வருமுன் நம்மவர் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு செய்த வேலையும் அதுவே.

ஆதலின் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தை நாடுமுன் மண்டிக்குச் சென்று கேட்பது நலம். அம்மாணவர் ‘பச்சைத் தோல்’ என்னும் சொல்லை இட்டு இரு நபிமொழிகளையும் மறுபடி வாசித்தார். பாட்டனாரைப் பற்றிய கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை.