ஒளி கீறும் தடம்

மேற்குத் தாம்பரத்தில், பெயர்ப்பலகை வெட்டித் தரும் சின்னக் கடை. அக்ரிலிக் எழுத்துகளுக்கு நடுவே அன்று லேசர் மேசையில் கிடந்தது ஓர் ஈட்டி மரப் பலகை. கையால் கிதார் செய்யும் இளைஞர் ஒருவர் கொண்டுவந்த ஃப்ரெட்போர்டு அது. குனிந்து பார்த்தபடி, “ஸ்பீடைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணா, ஓரம் கருகுது” என்றார்.

பலகையின் மேல் ஓடிக்கொண்டிருந்த செம்புள்ளி இடம் காட்டத்தான். உண்மையில் மரத்தைக் கீறும் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். ஈட்டியோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். பிரேசில் ஈட்டி அரிதானபோது, மார்ட்டின் கிதார் நிறுவனம் 1969-இல் தன் கிதார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் இந்திய ஈட்டியை நாடியது.

ஃப்ரெட் கம்பிகளைப் பதிக்க லேசர் கீறிய தடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 0.6 மில்லிமீட்டர். தந்தியின் நீளம் 648 மி.மீ. என்றால் முதல் ஃப்ரெட் தந்தி தொடங்கும் முனையிலிருந்து 36.37 மி.மீ. தொலைவில் அமையும், அடுத்த இடைவெளி 34.33. கோபுர நிலைகள் மேலே போகப் போகச் சிறுப்பதுபோல, ஒரே விகிதத்தில் குறுகிக்கொண்டே வந்து, பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 324-இல் நிற்கிறது. அங்கே சட்ஜமம் மேல் சட்ஜமமாகிறது. கணக்கு இத்தனை இனிமையாகக் கண்ணில் படும் இடங்கள் குறைவு.

வீணையில் ஃப்ரெட்டுக்கு ஈடான இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில் அமர்பவை. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, மறுபடி மேளம் கட்டலாம். கிதாரில் அந்த வசதி கிடையாது. மரத்தில் விழுந்த தடம் விழுந்ததுதான். அதனால்தான் இந்த ஒரு வேலைக்கு ஒளியின் கூர்மை அவ்வளவு பொருந்துகிறது.

ஆனால் தடம் விழுந்ததோடு வேலை முடியவில்லை. கற்றை இறங்க இறங்கத் தடம் அடியில் மயிரிழையளவு குறுகும். சுவரில் கரி படியும். கரியின் மேல் பசை பிடிக்காது. இளைஞர் மெல்லிய ரம்பத்தை ஒவ்வொரு தடத்திலும் இரண்டு முறை இழுத்தார். கறுப்புத் தூள் வந்தது. அதன்பின் ஈட்டியின் சொந்த நிறத்தில் ஊதாப் பழுப்புத் தூள். அதைக் கண்டதும் கை நின்றது.

பிறகு சோதனைக்காக ஒரு துண்டு ஃப்ரெட் கம்பியைத் தடத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். முதல் இரண்டு தட்டில் ஓசை பொள்ளலாக இருந்தது. மூன்றாவதில் இறுகியது. நான்காவதில் கம்பியின் முள் மரத்தைக் கவ்வி, ‘டக்’கென்று ஒரே குரலாக ஒலித்தது. அவர் தலையசைத்தார். 0.6 மி.மீ. சரிதான் என்பதை அளவுகோலுக்கு முன்பே அவர் காது சொல்லிவிட்டது.