சேரமான் பள்ளி: மீட்டது எது?

கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆப் பள்ளியை கி.பி. 629-இல் மாலிக் இப்னு தீனார் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. அப்பெயருடைய பஸராப் பெரியார் மறைந்ததோ எட்டாம் நூற்றாண்டில்; ஆதலின் ஆண்டை நாம் வற்புறுத்தோம்.

நம் கவலை கட்டடம் பற்றியது. 1974 முதல் நிகழ்ந்த விரிவாக்கங்களால், ஓட்டுக்கூரையும் மரவேலையும் கொண்ட மலையாளநாட்டுப் பள்ளி, மினாராக்கள் ஏந்திய கான்கிரீட் முகப்பின் பின்னே மறைந்துபோயிற்று. தொழுவோர் பெருகினர், இடம் வேண்டியிருந்தது. மினாராவை யார் கேட்டார்? (நம் கரியமாணிக்கம் பக்கத்திலும் மினாராவே பள்ளிக்கு இலக்கணம் என்பார் உளர்.) முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் அண்மையில் நடந்த சீரமைப்பு அச்சேர்க்கைகளை அகற்றி, கூடுதல் தொழுகைக்கூடத்தை நிலத்தடியில் அமைத்தது. இம்முடிவை மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் மீண்டது 1974-க்கு முந்தைய தோற்றமே. அதனை நபிகளார் காலத்துத் தோற்றமென வருவோர்க்குக் காட்டுவது தகாது.