இளவரசியின் 38 ஆண்டுகள்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தபோது அதன் நாயகி ஒரு பெண். இதழின் பெயர் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஊரில் 1972இல் பிறந்த முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி என்ற ஆணோடுதான் தொடங்கியிருந்தது. தமிழ் வாசகர்கள் 'இளவரசி' என்று கொண்டாடும் மாடஸ்டி பிளைசியைப் பெண்களாகிய நாம் எப்படி வாசிப்பது?

மாடஸ்டியை எழுதியவர் பீட்டர் ஓ'டானல். லண்டன் நாளிதழ் ஒன்றில் 1963 முதல் 2001 வரை அந்தச் சித்திரத் தொடர் வந்தது. ஓவியர்கள் மாறினார்கள், எழுத்தாளர் மாறவில்லை. அதனால் மாடஸ்டிக்கு ஒரு கடந்தகாலம் நிலைத்தது. போரில் அநாதையாகி, அகதியாக நடந்து, குற்றக் கும்பலுக்குத் தலைவியாகி, பிறகு அதை விட்டு விலகியவள். வில்லி கார்வின் அவளுடைய தோழன். காதலன் அல்ல, காவலனும் அல்ல. கட்டளையிடுவது அவள். 38 ஆண்டுகளில் அந்த உறவு ஒருமுறைகூடக் காதலாக நழுவவில்லை. எழுதும் கை மாறியிருந்தால் இருவரையும் சேர்த்து வைக்கும் ஆசை யாருக்காவது வந்திருக்கும்.

கை மாறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் காட்டுகிறது. அங்கே பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. கிறிஸ் கிளேர்மாண்ட் வளர்த்த கரோல் டான்வர்ஸை, 1980இல் 'அவெஞ்சர்ஸ்' 200ஆம் இதழில் வேறு சிலர் எழுதினார்கள். மனத்தை வசப்படுத்தி அவளைக் கருவுறச் செய்தவனோடு அவள் கிளம்பிப் போவதைக் காதலாகக் காட்டினார்கள். சக வீரர்களும் வழியனுப்பி வைத்தார்கள். மறு ஆண்டு கிளேர்மாண்ட் எழுதிய கதையில் கரோல் திரும்பி வந்து, நடந்தது என்னவென்று ஏன் உங்களுக்குப் புரியவில்லை என்று அந்த நண்பர்களையே கேட்கிறாள். 1975 முதல் 1991 வரை 'எக்ஸ்-மென்' எழுதியவர் அவர். ஒரு பாத்திரத்தோடு நெடுநாள் வாழ்ந்தவருக்கே அவள் பட்ட அவமானம் நினைவிருந்தது.

ஆனால் நெடுங்காலம் எழுதுவது மட்டுமே நியாயமாகிவிடாது. 38 ஆண்டுகள் என்பது ஓர் ஆணின் பார்வை நீடித்த 38 ஆண்டுகளும்தான். எதிரிகளைத் திகைக்க வைக்க மாடஸ்டி மேலாடையின்றி அறைக்குள் நுழைவது ஓ'டானல் விரும்பிக் கையாண்ட உத்தி. அவள் அறிவும் உடற்பயிற்சியும் போதாமல் போகும் இடத்தில் உடலே ஆயுதமாகிறது. சித்திரத் தொடரில் அவளுக்கு வயதாவதும் இல்லை. 1996இல் வந்த கடைசிக் கதைத் தொகுப்பில்தான் அவளை மூப்படைய விட்டு, மரணத்தையும் எழுதினார்.

பெயரைப் பற்றியும் பேச வேண்டும். ஓ'டானல் காதல் நாவல்களை எழுதியபோது மேடலின் பிரெண்ட் என்று பெண் பெயர் வைத்துக்கொண்டார். அது அவருடைய தெரிவு. 1944 முதல் 1947 வரை 'வொண்டர் வுமன்' கதைகள் பலவற்றை எழுதிய ஜாய் ஹம்மலுக்கு அந்தத் தெரிவு கிடைக்கவில்லை. அவை சார்லஸ் மோல்டன் என்ற ஆண் பெயரில் அச்சாயின. அவருக்கு உரிய விருது வந்து சேர்ந்தது 2018இல்.

பெயரற்ற நெடுங்கால உழைப்பு சிவகாசிக்குப் புதிதல்ல. தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியும், பட்டாசுக்குக் குழாய் சுற்றியும், சரம் பின்னியும், எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய பெண்கள் 38 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். லட்சுமி வெடியின் உறையில் பெண் தெய்வத்தின் படம் இருக்கும். அதைச் செய்தவளின் பெயர் இருக்காது. அதே ஊரின் அச்சு இயந்திரம்தான் மாடஸ்டியையும் நமக்குக் கொடுத்தது.

ஆகவே இளவரசியை ரசிப்போம். கட்டளையிடும் ஒரு பெண்ணை நம் மொழியில் கண்டது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒரு பெண் தன் பெயரிலேயே, கூலி தடையின்றிக் கிடைக்க, ஒரே நாயகியை 10 ஆண்டு தொடர்ந்து எழுத இங்கே எந்தப் பதிப்பகம் பக்கம் ஒதுக்கும் என்றும் கேட்போம். திறமை இருக்கிறதா என்று நம்மைக் கேட்பவர்களுக்கு, முதலில் அந்தப் பத்து ஆண்டுகளைக் கொடுங்கள் என்பதே பதில்.